கடல் ஒதுக்கியது யாருக்குச் சொந்தம்?

பலாங்கா என்பது லிதுவேனியாவின் பால்டிக் கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊர். கோடையில் நாடே திரண்டு வந்து இறங்கும். அக்டோபரில் போனால் ஐஸ்கிரீம் கடைகள் மூடிக் கிடக்கும், பைன் மரங்களுக்கு இடையே நிம்மதியாக நடக்கலாம். நான் வேலை பார்க்கும் கிளைப்பேடாவிலிருந்து 25 கிலோமீட்டர்தான். மரப் பிசின் இறுகி நகைக்கல் போல ஆன அம்பருக்கென்றே அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நண்பர்களோடு முன்பே போயிருக்கிறேன். இந்த முறை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆனைமலைப் பக்கம் வனத்துறையில் வனவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மரத்தையும் பிசினையும் பார்த்தே ஆயுளைக் கழித்த ஒருவரோடு அம்பரைப் பார்ப்பது வேறு அனுபவம். மற்றவர்கள் நகையைப் பார்க்கிறார்கள், அவர் மரத்தைத் தேடினார்.

அருங்காட்சியகம் இருப்பது ஓர் அரண்மனையில். ஃபெலிக்சாஸ் திஷ்கேவிசியுஸ் என்ற பிரபு 1897இல் கட்டி முடித்தது. வடிவமைத்தவர் ஃபிரான்ஸ் ஷ்வெக்டன் என்ற ஜெர்மானியர். பெர்லினில் போரில் உடைந்த கோபுரத்தோடு இன்றும் நிற்கிறதே கைசர் வில்ஹெல்ம் தேவாலயம், அதைக் கட்டியவரும் அவர்தான். சுற்றியுள்ள பூங்காவை அமைத்தவர் எதுவார் ஆந்திரே என்ற பிரெஞ்சுக்காரர். பூங்கா என்றால் செதுக்கிவைத்த தோட்டம் இல்லை. ஏற்கெனவே அங்கிருந்த பைன் காட்டை அப்படியே விட்டு, பாதையை மட்டும் வளைத்து வளைத்துப் போட்டிருக்கிறார். "காட்டைக் கெடுக்காமல் பூங்கா பண்ணியிருக்கான்" என்று அப்பா மனம் நிறைந்து சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு சுலபத்தில் வராது.

1940இல் சோவியத் ஆட்சி வந்ததும் அரண்மனை அரசுடைமை ஆனது. 1963 ஆகஸ்டில் அருங்காட்சியகம் திறந்தார்கள். இன்று அதன் சேகரிப்பில் ஏறத்தாழ 28,000 அம்பர் துண்டுகள் இருக்கின்றன. அவற்றில் 15,000 துண்டுகளுக்குள் பூச்சியோ சிலந்தியோ செடியின் துணுக்கோ அடைபட்டிருக்கிறது. பார்வைக்கு வைத்திருப்பது சுமார் 4,500. அதுவே ஒரு நாளில் பார்த்து முடியாது.

அம்பர் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அது கல் இல்லை, மரப் பிசின். மரத்தில் காயம் பட்டால் வடியும் பிசின் மண்ணுக்குள் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் இறுகி, அதிலிருந்த ஆவியாகும் பொருட்கள் எல்லாம் போய், மிச்சம் இருப்பது ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகிவிடும். பால்டிக் அம்பருக்கு வயது ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகள். அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்தில் இப்போதைய குளிர் கிடையாது. கையில் எடுத்தால் கனமே தெரியாது, கண்ணாடி மாதிரி சில்லென்றும் இருக்காது. கம்பளித் துணியில் தேய்த்தால் காகிதத் துணுக்கை இழுக்கும். இந்த இழுப்பைக் காந்தத்தின் இழுப்பிலிருந்து பிரித்து, இரண்டும் வேறு வேறு என்று 1600இல் எழுதியவர் வில்லியம் கில்பர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர். மின்சாரத்தைப் பற்றிய படிப்பு அம்பரைத் தேய்த்ததில்தான் தொடங்கியது.

அப்பா நேராகப் போய் நின்றது பூச்சிகள் இருக்கும் அறையில். துண்டுகளுக்கு மேல் உருப்பெருக்கிக் கண்ணாடி பொருத்தியிருக்கிறார்கள். குனிந்து கண்ணை ஒட்டவைத்துப் பார்க்க வேண்டும். நான் பார்த்த ஒரு துண்டு, சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். உள்ளே ஓர் ஈ. இறக்கையில் நரம்பு ஒவ்வொன்றும் எண்ணும்படி தெரிகிறது. காலில் மயிர் தெரிகிறது. ஆனால் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பால் படிந்த மாதிரி வெள்ளையாக ஒரு மூட்டம். முதலில் பார்ப்பவர்களுக்கு அது அழுக்கு என்று தோன்றும். பூச்சி செத்து அழுகும்போது அதன் உடம்பிலிருந்து வெளிவந்த நீரும் வாயுவும் இன்னும் இறுகாத பிசினில் நுண்குமிழிகளாகக் கலந்ததால் வந்த மூட்டம் அது. பால்டிக் அம்பரில் இது சாதாரணம். பூச்சி அழுகிய நேரத்தில் பிசின் இன்னும் இளக்கமாகத்தான் இருந்தது என்பதும் அதிலிருந்து தெரிகிறது. நகைக்காரர்கள் தெளிவான துண்டைத்தான் கேட்பார்கள். எனக்கு இந்த மூட்டம் உள்ள துண்டுகளைத்தான் அதிகம் பிடிக்கிறது. ஓர் உயிர் உண்மையாகவே அங்கே போயிருக்கிறது என்று அவைதான் சொல்கின்றன.

அடைபட்டவற்றில் பாதிக்கு மேல் ஈ, கொசு வகைகள். எறும்பு, சிலந்தி, வண்டு, குளவி எல்லாம் உண்டு. பெரிய பூச்சிகள் குறைவு. பலம் இருந்தது தப்பித்துப் போய்விட்டது. இந்தக் கொசுவின் வயிற்றிலிருந்து ரத்தம் எடுத்துப் பழைய மிருகங்களை உயிர்ப்பிக்கலாமா என்று பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பார்கள். முடியாது. 2013இல் பிரிட்டனில் ஆய்வாளர்கள், அம்பர் ஆவதற்கு வெகுமுன் நிலையில் இருக்கும் இளம் பிசினில் மாட்டிய தேனீக்களில் தேடினார்கள். அதிலேயே நம்பத்தகுந்த பழைய மரபணு எதுவும் கிடைக்கவில்லை. 4 கோடி ஆண்டுக்கு முந்தையதில் எங்கே கிடைக்கப்போகிறது? பெரும்பாலான துண்டுகளில் பூச்சியின் உள்ளே வெறும் பொந்துதான்.

மரபணு போனால் போகட்டும், உருவம் இருக்கிறது. அந்த உருவத்தை வைத்து நடந்த ஒரு விஷயம் எனக்கு எப்போது நினைத்தாலும் பரவசம் தரும். ஆலிவர் சோம்ப்ரோ என்ற ஜெர்மன் மாணவர் பால்டிக் அம்பருக்குள் இருந்த ஒரு பூச்சியை 2001இல் விவரித்து எழுதினார். குச்சிப்பூச்சி போலவும் இருக்கிறது, கும்பிடுபூச்சி போலவும் இருக்கிறது, இரண்டிலும் சேரவில்லை. அப்புறம் பார்த்தால், தான்சானியாவிலிருந்தும் நமீபியாவிலிருந்தும் வந்து அருங்காட்சியகங்களில் பெயரில்லாமல் கிடந்த பூச்சிகள் இதன் சாயலில் இருந்தன. நமீபியாவுக்குப் போய்த் தேடினார்கள், உயிரோடு கிடைத்தது. 2002இல் அதைப் பூச்சிகளின் ஒரு புதிய வரிசையாகவே அறிவித்தார்கள். வரிசை என்றால் வண்டுகள் எல்லாம் ஒரு வரிசை, பட்டாம்பூச்சிகள் எல்லாம் ஒரு வரிசை, அந்த அளவு பெரிய பிரிவு. அதற்கு முன் புதிதாக ஒரு வரிசை கண்டுபிடித்தது 1914இல். அம்பருக்குள் இருந்த செத்த பூச்சி, ஆப்பிரிக்காவில் நடமாடிக்கொண்டிருக்கும் உறவினருக்கு வழி காட்டியிருக்கிறது.

அப்பா பூச்சிகளைப் பார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாஞ் சரி கண்ணு. என்ன மரம்?"

இது சாதாரணக் கேள்வி இல்லை. அறிவியலாளர்கள் 150 ஆண்டுக்கு மேலாகச் சண்டை போடும் கேள்வி. 19ஆம் நூற்றாண்டில், அம்பருக்குள் சிக்கிய மரத்துணுக்குகளைப் பார்த்துப் பைன் குடும்பம் என்று முடிவுகட்டி, அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். பிறகு அகச்சிவப்புக் கதிரால் சோதித்தபோது வேதியியல் வேறு பக்கம் இழுத்தது: நியூசிலாந்தின் கௌரி மரத்தின் உறவாக இருக்கலாம் என்றார்கள். ஆனால் பால்டிக் அம்பரில் 3 முதல் 8 சதவீதம் வரை சக்சினிக் அமிலம் இருக்கிறது, கௌரி பிசினில் அது பொருந்தவில்லை. 2009இல் இன்னொரு குழு, இன்று ஜப்பானில் மட்டும் காட்டில் வளரும் குடைப் பைனின் முன்னோராக இருக்கலாம் என்றது. இன்னும் முடிவாகவில்லை.

நான் இதைச் சொல்லி முடித்ததும் அப்பாவுக்கு மகிழ்ச்சி. ஆனைமலையில் காடர் பழங்குடியினர் கருங்குங்கிலியப் பிசின் எடுப்பதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அடிமரத்தைக் கீறியும் தீ மூட்டிச் சூடு காட்டியும் பிசினை வடியவிடுவார்கள். கட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கருப்புக்குள்ளிருந்து சிவப்பு தெரியும். "மரம் சும்மா பிசின் விடாது. காயம் படணும், இல்லாட்டி நோய் வரணும். இவ்வளவு விட்டிருக்குன்னா அந்தக் காட்டுக்கு என்னமோ நடந்திருக்கு" என்றார். இதுவும் ஆய்வாளர்கள் கேட்கும் கேள்விதான்: பூச்சியா, நோயா, புயலா, காட்டுத்தீயா, தட்பவெப்பமா?

இந்தக் கதையில் நமக்கும் ஓர் உண்மையான பங்கு உண்டு. குஜராத்தில் வாஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 5 கோடி ஆண்டுக்கும் மேல் பழைய அம்பர் கிடைத்தது. 2010இல் அதைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அந்தப் பிசினைத் தந்த மரம் எது என்பதில் அங்கே சண்டை இல்லை. வேதியியல் தெளிவாகச் சொல்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரம், வட இந்தியாவின் சால் மரம், இவற்றின் குடும்பம். அதே போல, பால்டிக் அம்பரில் கிடைத்த மலர்களிலேயே பெரியது 28 மில்லிமீட்டர் அகலம்; அது இருப்பது ஜெர்மனியில். 1872இல் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 2023இல் அதன் மகரந்தத்தைச் சுரண்டிப் பார்த்து, அது சிம்ப்ளோகாஸ் என்ற இனம் என்று திருத்தினார்கள். சித்த மருந்துக் கடையில் லோத்திரப் பட்டை என்று கேட்டால் தருவார்களே, அந்த மரத்தின் இனம். அந்தப் பூவுக்கு மிக நெருங்கிய உறவுகள் இன்று ஆசியாவில்தான் இருக்கின்றன. அந்தப் பூவின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். அப்பா இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து மனிதர்களின் வரலாறு. இந்தப் பகுதி எனக்கு எப்போதும் நெஞ்சை அடைக்கும். அம்பரைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் அழகை எழுதுகிறார்கள். கரையில் குனிந்து அதைப் பொறுக்கியவர்களைப் பற்றி எழுதுவது குறைவு.

ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் கி.பி. 98இல் ஜெர்மானிய நாடுகளைப் பற்றி எழுதிய நூலின் கடைசிப் பகுதியில் இந்தக் கரை வருகிறது. ஏஸ்தி என்ற மக்கள் கடலோரத்திலும் ஆழமில்லாத தண்ணீரிலும் அம்பர் பொறுக்குகிறார்கள், அவர்களுக்கு அதில் பயன் எதுவும் இல்லை, பண்படாத கட்டியாகவே கொடுத்துவிடுகிறார்கள், அதற்கு விலை கிடைக்கும்போது வியப்போடு வாங்கிக்கொள்கிறார்கள் என்கிறார். உள்ளே ஊர்வனவும் பறப்பனவும் சிக்கியிருப்பதால் இது மரத்தின் சாறு என்பதையும் அவரே ஊகித்திருக்கிறார். அதைப் படிக்கும்போது அவர் கூர்மையை நினைத்து வியப்பாக இருக்கும். ஆனால் அந்த மக்களுக்குப் பயன் தெரியாது என்பது தவறு. இங்கிருந்து தெற்கே கூர்ஷ் நீரேரிக் கரையில் ஜுவோட்கிராந்தே என்ற ஊர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே நீரேரியைத் தூர் வாரும்போது புதிய கற்காலத்து அம்பர் பொருட்கள் கிடைத்தன: பொத்தான்கள், பதக்கங்கள், மனித உருவங்கள். ரிச்சர்ட் கிளெப்ஸ் என்ற புவியியலாளர் 1882இல் அவற்றில் 434 பொருட்களை வரைந்து வெளியிட்டார். அந்த மனித உருவங்களின் படத்தைப் பாருங்கள். தட்டையான முகம், மூக்கும் புருவமும் சேர்ந்த ஒரு கோடு, கழுத்தில் அல்லது தோளில் கோர்ப்பதற்குத் துளை. ரோமாபுரி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இவர்கள் அம்பரைச் செதுக்கிக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். மூலப் பொருட்களில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் காணாமல் போனது. கிளெப்ஸ் பொறுமையாக வரைந்து வைத்ததால்தான் நமக்கு அந்த முகங்கள் தெரியும்.

ரோமில் அம்பருக்கு இருந்த வெறியை ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். நீரோ காலத்தில் ஓர் அதிகாரி பால்டிக் கரை வரை வந்து அம்பரை வாரிக்கொண்டு போனார். மிகப் பெரிய கட்டி 13 ரோமானிய ராத்தல். சின்ன அம்பர் பொம்மை ஒன்றின் விலை, நல்ல திடகாத்திரமான உயிருள்ள மனிதரின் விலையைவிட அதிகம் என்று அவரே வருத்தத்தோடு குறிப்பிடுகிறார். அடிமைச் சந்தை இருந்த காலம் அது.

ஆனாலும் ரோமானியர்கள் வாங்கினார்கள். பறித்தவர்கள் பிறகு வந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் டியூட்டானிக் சபை என்ற சிலுவைப்போர்த் துறவிகளின் படை இந்தக் கரையை ஒட்டிய பிரஷ்ய நிலத்தைப் பிடித்தது. கடல் ஒதுக்கும் அம்பர் முழுவதும் தங்களுடையது என்று அறிவித்தது. கரையில் பொறுக்குகிறவர்கள் அப்படியே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், கூலியாக உப்பு கிடைக்கும். ஒரு துண்டை மறைத்தாலும் தண்டனை உண்டு; தூக்குவரை போகும். கரையோரம் தூக்குமரம் நிற்கும் பழைய படங்கள் இருக்கின்றன. அம்பரை ப்ரூஜ், லூபெக் நகரங்களுக்கு அனுப்பி ஜெபமாலை செய்தார்கள். கரைக்குப் பக்கத்திலேயே கைவினைஞர்களை அனுமதித்தால் திருட்டு அம்பருக்கு வாங்க ஆள் கிடைத்துவிடும் என்ற பயம். அதனால்தான் அம்பர் விளைந்த கரைக்கு மிகப் பக்கத்தில் இருந்த கோனிக்ஸ்பெர்க்கில் (இன்றைய ரஷ்யாவின் காலினின்கிராட்) கைவினைச் சங்கம் அமைய 1641 வரை ஆயிற்று. பிறகு வந்த பிரஷ்ய ஆட்சியாளர்கள் கரையில் குடியிருப்போரிடம் சத்தியம் வேறு வாங்கினார்கள்: திருட மாட்டேன், திருடுகிறவர் என் சொந்தக்காரராக இருந்தாலும் காட்டிக்கொடுப்பேன் என்று.

இதை நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"நாங்களும் அதையேதான் செஞ்சோம் கண்ணு. தூக்குமரம் இல்லை, அவ்வளவுதான்."

அவர் சொன்னது 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தையும் அதன் வழியில் வந்த விதிகளையும். தலைமுறை தலைமுறையாகக் குங்கிலியமும் தேனும் எடுத்தவர்கள் காப்புக்காட்டில் அனுமதியின்றி எடுத்தால் குற்றம். தேன், குங்கிலியம் போன்ற சிறு வன மகசூலைக் குத்தகைதாரர் ஏலம் எடுப்பார், எடுத்து வந்தவருக்கு அவர் வைத்ததுதான் விலை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம்தான் அந்த மகசூல் காட்டில் வாழ்கிறவர்களுக்கே சொந்தம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. "அந்தச் சட்டம் வந்தப்பறந்தான் எனக்கு மனசு லேசாச்சு" என்று அப்பா சொன்னார். வேலையில் இருந்த காலத்தைப் பற்றி அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

19ஆம் நூற்றாண்டில் அம்பர் பெரிய தொழிலானது. ஷ்டான்டியன், பெக்கர் என்ற இரண்டு பேர் மேமல் நகரில் (இன்றைய கிளைப்பேடா, நான் இருக்கும் ஊர்) கூட்டு சேர்ந்து, ஜுவோட்கிராந்தேயில் நீராவி இயந்திரங்களால் நீரேரியைத் தூர் வாரினார்கள். ஆண்டுக்கு 75 டன் வரை அள்ளியிருக்கிறார்கள். கற்காலத்துப் பொம்மைகள் கிடைத்தது இந்த வாரலில்தான். பிறகு பால்ம்னிக்கன் என்ற ஊரில் சுரங்கம் தோண்டினார்கள். அங்கேதான் நீல மண் என்று அழைக்கப்படும் அம்பர் படுகை இருக்கிறது. உலகின் அம்பர் இருப்பில் மிகப் பெரும்பகுதி அந்த ஒரு வட்டாரத்தில். 1899இல் பிரஷ்ய அரசு நிறுவனத்தையே வாங்கிவிட்டது. இன்று அந்த ஊர் ரஷ்யாவின் காலினின்கிராட் பகுதியில் இருக்கிறது, பெயர் யந்தார்னி. சுரங்கம் இன்னும் ஓடுகிறது.

அந்த ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 1945 ஜனவரி இறுதியில், ஷ்டுட்ஹோஃப் என்ற நாஜி வதைமுகாமின் கிளை முகாம்களிலிருந்து யூதக் கைதிகளைக் கோனிக்ஸ்பெர்க்கிலிருந்து பனியில் நடத்திக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பால்ம்னிக்கனின் ஒரு பழைய அம்பர் சுரங்கக் குழிக்குள் அடைத்துக் கொல்வதுதான் திட்டம். சுரங்கத்தின் பக்கம் மறுப்பு எழுந்ததால் அது நடக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கடற்கரைக்கு ஓட்டிப்போய், உறைந்த கடலோரத்தில் சுட்டார்கள். ஏறத்தாழ 3,000 பேர். பிழைத்தவர்கள் மிகச் சிலர். சுவர் முழுக்க அம்பர் பதித்த அம்பர் அறை எங்கே போயிற்று என்று தேடி எத்தனையோ நூல்கள், ஆவணப்படங்கள். 1716இல் பிரஷ்ய மன்னர் ரஷ்யாவின் பேரரசர் பீட்டருக்குப் பரிசளித்து, 1941இல் ஜெர்மானியர்கள் கழற்றிக்கொண்டு போய், 1945இல் கோனிக்ஸ்பெர்க்கில் மறைந்த அறை அது. அந்தத் தேடலில் செலவான ஆர்வத்தில் ஒரு பங்கு அந்தப் பெண்களின் பெயர்களைத் தேடுவதற்குப் போயிருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு.

அரண்மனைக்குள் எல்லோரும் படம் எடுக்கும் பொருள் சூரியக்கல். மூன்றரைக் கிலோ எடையுள்ள ஒரே கட்டி. இருமுறை திருட்டுப் போய் இருமுறையும் திரும்பி வந்திருக்கிறது. பெரியதுதான், ஆனால் என்னை அது அதிகம் நிறுத்தவில்லை. அதே போல ஜெபமாலைகள், பெட்டிகள், இருபதாம் நூற்றாண்டு நகைகள் இருக்கும் அறைகளையும் வேகமாகக் கடந்துவிட்டோம். வேலைப்பாடு அருமை, நகையில் ஈடுபாடு உள்ளவர்கள் அரை நாள் நிற்கலாம்.

இந்த ஊரில் அம்பருக்கு ஒரு புராணமும் உண்டு. கடலுக்கடியில் அம்பர் மாளிகையில் வாழ்ந்த யூராதே என்ற தேவதை, காஸ்திதிஸ் என்ற மீனவனைக் காதலித்தாள். இடியின் தெய்வமான பெர்கூனாஸ் கோபம் கொண்டு மாளிகையை நொறுக்கினான். அந்தச் சில்லுகள்தான் கரை ஒதுங்குகின்றன. 1842இல் எழுத்தில் வந்த கதை. அரண்மனை உடைந்ததால்தான் மீனவர்கள் கைக்கு அம்பர் வருகிறது. இந்தக் கரையில் இப்படி ஒரு கதை பிறந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

வெளியே வந்தால் பசனாவிசியுஸ் தெரு முழுக்க அம்பர் விற்கும் கடைகள். வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் கரையும் மட்டும் உப்பைப் போட்டு, துண்டை அதில் விட்டால் உண்மை அம்பர் மிதக்கும். கண்ணாடியும் பல பிளாஸ்டிக்குகளும் மூழ்கும். ஆனால் இளம் பிசினும் சில பிளாஸ்டிக்குகளும் கூட மிதக்கும் என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம். புறஊதா விளக்கில் பால்டிக் அம்பர் நீலச் சாயலில் ஒளிரும், அதையும் சேர்த்துப் பாருங்கள். உள்ளே செதில் செதிலாக மின்னும் வட்டங்கள் இருந்தால் பெரும்பாலும் சூடேற்றிய அம்பர். அது போலி இல்லை, ஆனால் இயற்கையாக வந்த மினுமினுப்பும் இல்லை.

இரண்டாவது, பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று விற்கும் சின்ன அம்பர் மாலைகள். அம்பரில் உள்ள சக்சினிக் அமிலம் தோல் வழியே இறங்கி வலியைக் குறைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. கழுத்து இறுகியும் மணி தொண்டையில் சிக்கியும் ஆபத்து வரும். அமெரிக்காவின் உணவு, மருந்துத் துறை 2018இல் இதைப் பற்றி எச்சரித்தது. தயவுசெய்து வாங்காதீர்கள், யாருக்கும் பரிசாகவும் கொடுக்காதீர்கள்.

கடைகளைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனோம். முந்தைய இரவு காற்று பலமாக அடித்திருந்தது. பாசி கரையோரம் கருப்பு வரப்பாக ஒதுங்கிக் கிடந்தது. இடுப்புவரை ரப்பர் உடுப்பு போட்ட ஒரு பெரியவர், நீளமான கழி வைத்த வலையால் தண்ணீரிலிருந்து பாசியை அள்ளி மணலில் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார். அப்பா நேராக அவரிடம் போய்விட்டார்.

"ஏனுங்க, எடுக்கிறதெல்லாம் உங்களுக்கேதானுங்களா?"

எனக்குத் தெரிந்த லிதுவேனிய மொழியில் சொன்னேன். பெரியவர் சிரித்தார். கரையில் பொறுக்குவதை யாரும் தடுப்பதில்லை என்றார். பையைத் திறந்து காட்டினார். பெரும்பாலும் பட்டாணி அளவு, ஒன்றிரண்டு புளியங்கொட்டை அளவு, மேலே மண் படிந்த பழுப்புத் தோல். கடையில் மின்னுவது இதுதானா என்று சந்தேகம் வரும்படி இருந்தது.

எப்படித் தேடுவது என்று அப்பா கேட்டதற்கு அவர் பொறுமையாகச் சொன்னார். வெறும் மணலில் தேடாதே. அம்பர் கனமில்லாதது, அதனால் கனமில்லாத மற்றவற்றோடுதான் வரும். பாசியும், கரியாகக் கறுத்துப்போன மரக்குச்சிகளும் சேர்ந்து எங்கே ஒதுங்குகிறதோ அங்கே பார். மேற்கிலிருந்து காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, வெளிச்சம் வருவதற்குள் வா. இன்னொன்றும் சொன்னார். கிடைப்பதை ஈரத்தோடு சட்டைப் பையில் போடாதே, ஒரு தகர டப்பாவில் போடு. போர்க்காலத்துக் குண்டுகளின் வெள்ளைப் பாஸ்பரஸ் பால்டிக் கரையில் சில இடங்களில் ஒதுங்குவதுண்டு. பார்க்க அம்பர் மாதிரியே இருக்கும், காய்ந்ததும் உடல் சூட்டிலேயே தீப்பிடிக்கும்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா குனிந்து குச்சிகளைப் புரட்டத் தொடங்கியிருந்தார். நான் கைபேசியில் மறுநாள் காற்றைப் பார்த்தேன். மேற்கிலிருந்துதான். கிளைப்பேடா பேருந்தை விட்டுவிட்டு ஊரிலேயே ஓர் அறை பிடித்தோம். தகர டப்பாவுக்கு, அந்தத் தெருவில் திறந்திருந்த ஒரே மளிகைக் கடையில் பிஸ்கட் டின் ஒன்று வாங்கினோம்.